பழைய தியேட்டரைப் பழுது பார்க்கப் போகிறீர்களா? முதலில் கூரை, கடைசியில் முகப்பு

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, ராணிப்பேட்டை என்று நம்ம பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் மார்க்கெட்டை ஒட்டியோ பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலோ ஒரு தியேட்டர் பூட்டிக் கிடக்கும். சிலது கல்யாண மண்டபமாக மாறிவிட்டது, சிலது வெங்காய மூட்டை அடுக்குகிற குடோன், சிலது இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. மிச்சமிருக்கிற ஒன்றிரண்டின் வாரிசுகள் மட்டும் அவ்வப்போது வந்து, "இடிக்க மனசு வரலை, என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறார்கள். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய கொட்டகையையாவது ஒழுங்காகக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது என் ஆசை, அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன். இரண்டு பழைய தியேட்டர்களிலும் ஒரு நாடகக் கொட்டகையிலும் வேலை பார்த்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை, செய்த தப்பு உட்பட, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன். வரிசைதான் இதில் முக்கியம். உரிமையாளர்கள் எல்லோருமே முகப்பிலிருந்து ஆரம்பிக்க நினைக்கிறார்கள், ஏனென்றால் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுவது அதுதான். பெயிண்ட் அடித்து சீரியல் லைட் போட்டுவிட்டு, அடுத்த ஐப்பசியில் கூரை ஒழுகி அந்த பெயிண்ட் உரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன கட்டடம்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரத்தில் ஒரு வருஷம் இருக்கும், கட்டடம் வேறு வருஷம் சொல்லும். நாடகத்துக்கென்று கட்டி அப்புறம் சினிமாவுக்கு மாற்றிய கொட்டகைகள் நிறைய உண்டு. 1931-ல் தமிழ் பேசும் படம் வந்த பிறகு நாடக மேடைக்கு முன்னால் திரையைக் கட்டி, பின்னால் ஆபரேட்டர் ரூமைத் தனியாகச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தில் திரைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பழைய மேடையின் ஆழம், படுதா தூக்குகிற கப்பி மாட்டின உத்திரம், வேஷம் கட்டுகிற அறை எல்லாம் அப்படியே இருக்கலாம். ஒரு கொட்டகையில் திரைக்குப் பின்னால் குவிந்து கிடந்த உடைந்த நாற்காலிகளை அகற்றியபோது, கயிறு உராய்ந்து உராய்ந்து பள்ளம் விழுந்த ஒரு தேக்கு உருளை கிடைத்தது. விரல் வைத்தால் பாதி விரல் உள்ளே போகிற பள்ளம். எத்தனை ராத்திரி படுதா ஏறி இறங்கியிருந்தால் தேக்கில் அவ்வளவு பள்ளம் விழும்!

வயதைக் கண்டுபிடிக்கக் கூரை ஓட்டையும் இரும்பையும் திருப்பிப் பாருங்கள். மங்களூர் ஓட்டின் அடிப்பக்கம் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. பாசல் மிஷன் என்ற பாதிரிமார் சபையின் தொழிற்சாலை ஓடுகளில் 1865 என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு தியேட்டருக்கு நூற்றைம்பது வயது என்று சொல்லிவிடாதீர்கள். அது அந்தத் தொழிற்சாலை மங்களூரில் தொடங்கின வருஷம், ஓடு சுட்ட வருஷம் கிடையாது. இரும்பு உத்திரங்களின் நடுப்பட்டையில் துருவை லேசாகச் சுரண்டினால் டார்மன் லாங் என்றோ டாட்டா என்றோ எழுத்து தெரியும். டார்மன் லாங் என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இரும்பு. சுவர் ஒன்றரை, இரண்டு அடி தடிமன் இருந்து, செங்கல் இடைவெளியில் இருக்கிற சாந்து நகத்தால் கீறினால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உதிர்ந்தால் அது சுண்ணாம்புக் கட்டு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமெண்ட். இது தெரியாமல் ஒரு கரணை சாந்துகூடப் பூசக்கூடாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. உங்கள் தியேட்டர் அந்த 100 மீட்டருக்குள் வந்தால் புதிதாகக் கட்ட முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடம் என்றால் பழுது பார்க்க முறையாக விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். அதனால் பழைய வரி ரசீது, மின் இணைப்புச் சீட்டு, எது கிடைத்தாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். மறுபடி படம் காட்டப் போகிறீர்கள் என்றால் 1955-ம் வருஷத்துத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்தான் உரிமம் தரவேண்டும். கட்டட உறுதி, மின்சாரம், தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்பார்கள். வரைபடத்தை ஆரம்பத்திலேயே ஒழுங்காகப் போட்டுவிட்டால் இந்த அலைச்சல் பாதியாகும்.

ஒரு வருஷம் சும்மா பாருங்கள்

சும்மா என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று நினைக்க வேண்டாம். அளந்து, படம் எடுத்து, குறித்து வைப்பது. அறை அறையாக நீள அகலத்தோடு குறுக்குவாட்டு அளவையும் எடுங்கள். பழைய கட்டடத்தில் மூலைகள் மட்டமாக இருக்காது, குறுக்களவு இல்லாமல் போடுகிற வரைபடம் பொய் சொல்லும். சுவர்களுக்குத் தூக்குக்குண்டு விட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

விரிசலைப் பார்த்ததும் சாந்து வைத்து அடைக்காதீர்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியைப் பென்சிலால் எழுதி விடுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். கண்ணாடி முழுசாக இருந்தால் அது என்றைக்கோ விட்டுப்போன பழைய விரிசல், அடைத்துவிடலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், அஸ்திவாரத்தையோ கூரையின் தள்ளுதலையோ பார்க்க வேண்டும், அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அங்கே பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மழை பெய்யும்போது கட்டாயம் உள்ளே போய் நில்லுங்கள். குடியாத்தம் பக்கம் ஒரு வயதான கொத்தனார், சுண்ணாம்பு வேலையில் ஊறிப்போனவர், முதல் நாள் என் கையில் இருந்த எஸ்டிமேட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி எங்க எறங்குதுன்னு பாத்தியா நைனா? அதைப் பாக்காம இன்னாத்துக்கு எஸ்டிமேட்டு?" என்றார். கார்த்திகை மாதத்து மழையில் டார்ச்சோடு இரண்டு மணி நேரம் உள்ளே சுற்றினேன். ஓடு ஒழுகும் என்று நான் நினைத்த இடத்தில் ஒரு சொட்டு இல்லை. பால்கனி சுவரும் ஓட்டுக் கூரையும் சேருகிற மூலையில், பழைய தகரக் கால்வாய் துருப்பிடித்துப் போய், தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் பார்த்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

கூரை

மாசி, பங்குனியில் ஆளும் சாமானும் ஏற்பாடு செய்துகொண்டு சித்திரையில் ஓட்டைப் பிரித்தால், ஆடிக்காற்று வருவதற்குள் மரவேலை முடிந்துவிடும். புரட்டாசிக்குள் கால்வாய், தண்ணீர்க் குழாய் எல்லாம் மாட்டிவிட வேண்டும். நம்ம பக்கம் தென்மேற்குப் பருவமழையும் நன்றாகவே கிடைக்கும், அதனால் பிரித்த பகுதியை மூடத் தார்ப்பாய் தயாராக இருக்கட்டும். ஒரே நாளில் முழுக் கூரையையும் பிரிக்காதீர்கள், ஒரு பாகம் பிரித்து, மரம் சரிசெய்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஒவ்வொரு ஓட்டையும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். நல்ல ஓடுகளை எல்லாம் தெருப்பக்கம் தெரிகிற சரிவில் மாட்டி, புதிதாக வாங்குவதைப் பின்பக்கச் சரிவில் மாட்டினால் பார்வைக்கு ஒன்றாக இருக்கும். இடித்த வீடுகளின் பழைய ஓடு விற்கிறவர்களிடம் உங்கள் ஓட்டின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொக்கி மாறும், ஒன்றோடொன்று உட்காராது.

மரத்தில் பார்க்க வேண்டியது நடுப்பகுதியை விட முனைகளை. சுவருக்குள் புதைந்திருக்கிற உத்திரத்தின் நுனிதான் முதலில் ஈரம் குடித்து இற்றுப்போகும், கரையானும் அங்கேதான் ஏறும். ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள், அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. அதற்காக இருபது அடி பர்மா தேக்கு உத்திரம் முழுவதையும் கழற்றி இரும்பு போட வேண்டியதில்லை. கெட்ட நுனியை மட்டும் அறுத்துவிட்டு, நல்ல தேக்கில் ஒட்டுத்துண்டு செய்து, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடுகிற வேலை நல்ல ஆசாரிக்குத் தெரியும். எத்தனை போல்ட், எவ்வளவு கனத்துப் பட்டை என்பதை இன்ஜினியர் சொல்லட்டும். திரும்பச் சுவரில் வைக்கும்போது நுனியைச் சுற்றிக் காற்று போக ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.

டிக்கெட் கவுண்டர், வராந்தா, பால்கனிக்கு முன்னால் இருக்கிற ஹால் போன்ற இடங்களில் மெட்ராஸ் டெரஸ் என்கிற மட்டக் கூரை இருக்க வாய்ப்பு அதிகம். தேக்குச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பரப்பி, அதன்மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக, குறுக்குவாட்டில் சாய்த்துச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். ஒழுகினால் மேலே சிமெண்ட் கான்கிரீட் ஒரு அடுக்கு போட்டுவிடலாம் என்று சொல்கிற கான்ட்ராக்டரை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அந்த எடையைச் சட்டங்கள் தாங்காது, ஈரமும் உள்ளே மாட்டிக்கொண்டு மரத்தைத் தின்னும். கெட்டுப்போன தட்டோட்டை மட்டும் பெயர்த்து, ஜல்லி பொரிந்த இடத்தைச் சுரண்டி, அதே சாமானால் திரும்பப் போட்டு, தண்ணீர் வழிய வாட்டம் சரிபார்த்தால் போதும்.

ஓட்டை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்ட தியேட்டர்களும் நிறைய. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். அதை உடைக்கவோ அறுக்கவோ துளைபோடவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியாக வையுங்கள். ஆட்களுக்குத் துணி முகமூடி போதாது, துகள் வடிகட்டுகிற முகமூடி வாங்கிக் கொடுங்கள்.

சுவர்: நான் செய்த தப்பு

என் முதல் தியேட்டர் வேலையில் வடக்குச் சுவரின் அடிப்பகுதியில் நாலடி உயரத்துக்கு ஈரம் ஏறி, பூச்சு பொரிந்து கிடந்தது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூச்சு பூசி விட்டேன். ஆறு மாதம் பளிச்சென்று இருந்தது. அடுத்த மழைக்குப் பிறகு ஈரம் ஏழடியில் தெரிந்தது. கொத்திப் பார்த்தால் சிமெண்ட் கல் மாதிரி நிற்கிறது, அதன் பின்னால் இருந்த செங்கல் கையில் அள்ளினால் மாவாக வந்தது.

நடந்தது இதுதான். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது, தரையிலிருந்து தண்ணீர் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் காய்ந்துகொள்ளும். சிமெண்ட் பூசினால் வெளியே வர வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறும். தண்ணீரில் இருக்கிற உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாக இறுகி, செங்கல்லை உள்ளிருந்து பிளக்கும். அந்தச் சுவரை மறுபடி கட்ட ஆன செலவு பூச்சு செலவைப் போல் பல மடங்கு. அதனால்தான் சொல்கிறேன், சுண்ணாம்பில் கட்டின சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான்.

செய்முறைக்கு வருவோம். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். நீர்த்த சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம் ஊறவிடுங்கள். நல்ல வெண்ணெய் பதத்துக்கு வரும். வெட்டி எடுத்தால் கரணையில் ஒட்டாமல் வழுக்கும், அதுதான் பதம்.

கடுக்காய்க்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். ஜவ்வாது மலையில் கிடைக்கிறது, தோல் பதனிடுவதற்கும் அதைப் பயன்படுத்துவதால் நம்ம மாவட்டத்துக்கு அது பழக்கமான சரக்கு. நாங்கள் 200 லிட்டர் டிரம்மில் 5 கிலோ உடைத்த கடுக்காயும் 5 கிலோ வெல்லமும் போட்டுப் பத்து நாள் ஊறவைத்து, புளித்து நுரை கட்டின பிறகு வடிகட்டி அந்தத் தண்ணீரில் சாந்து குழைத்தோம். இந்த அளவு மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும். உங்கள் மேஸ்திரி சொல்கிற அளவில் மூன்றடிச் சதுரத்துக்கு மாதிரிப் பூச்சு பூசி, ஒரு மாதம் விட்டு, விரிசல் விழுகிறதா, தேய்த்தால் உதிர்கிறதா என்று பார்த்துவிட்டு முழுச் சுவருக்குப் போங்கள். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல், அந்த மணலில் ஒரு பகுதி செங்கல் தூள். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தடியாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில் நம்ம பாலாற்றுப் பக்கத்துக்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களை விட ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்கு அது. அந்த உப்புத் தண்ணீரில் சாந்து குழைத்தால் நாமே சுவருக்குள் உப்பை ஊட்டுகிறோம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு போர் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீருக்குச் சொல்கிற 500 அளவைத் தாண்டினால் நான் லாரித் தண்ணீர் வாங்கிவிடுவேன், அதையும் சோதித்துவிட்டுத்தான் தொட்டியில் இறக்கச் சொல்வேன்.

பூச்சு வேலைக்குத் தை, மாசி நல்ல காலம். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற அக்கினி நட்சத்திரத்தில் சுண்ணாம்புப் பூச்சை வெளிச்சுவரில் ஆரம்பிக்காதீர்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, அதற்குப் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெறும் பொடிதான் மிஞ்சும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு, காலை மாலை லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு வாரமாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டகையின் காது

உள்ளே ஒலி கேட்கிற விதத்தைத்தான் பெரும்பாலானவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். சுவர் முழுக்க டைல்ஸ், தரை முழுக்க கிரானைட், மேலே ஜிப்சம் சீலிங் என்று மாற்றினதும், முதல் நாள் மைக்கில் பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்று மூன்றாவது வரிசைக்குக்கூடப் புரியாது.

கணக்கு எளிதுதான். 1895 வாக்கில் அமெரிக்காவின் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர், பக்கத்துத் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் எடுத்து வந்து, எதிரொலித்த ஒரு வகுப்பறையில் அடுக்கி அடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு. கொட்டகையின் கனமீட்டரை 0.161-ஆல் பெருக்கி, உள்ளே ஒலியை உறிஞ்சுகிற பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று வரும். 30 மீட்டர் நீளம், 15 அகலம், 8 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 3600 கனமீட்டர். பேச்சு தெளிவாகக் கேட்க 1.2 வினாடி போல வேண்டும், அதற்கு ஏறக்குறைய 480 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு தேவை. ஆள் ஒருவர் அரை சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவார், 500 பேர் உட்கார்ந்தால் 250. மீதி 230 சுவரிலும் கூரையிலும் இருந்தாக வேண்டும். டைல்ஸும் கிரானைட்டுமாக மாற்றின வெறும் கொட்டகையில் மொத்தமே 100 தேறாது, அப்போது கிட்டத்தட்ட 6 வினாடி இழுக்கும். கோவில் மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு அது அழகு, வசனத்துக்கு ஆகாது.

பழைய ஆட்கள் இதற்குத்தான் பின்சுவரில் சாக்கும் தேங்காய் நாரும் வைத்து மேலே ஓட்டை போட்ட பலகை அடித்தார்கள், கூரைக்குக் கீழே கரும்புச் சக்கையில் செய்த செலோடெக்ஸ் பலகை மாட்டினார்கள். அழுக்காக இருக்கிறதே என்று அதைப் பிய்த்து எறிந்துவிட்டால், அதன் வேலையை வேறு எதனால் செய்யப் போகிறீர்கள் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். பழைய நாரும் சாக்கும் தீப்பிடிக்கும், மாற்றத்தான் வேண்டும். அதே இடத்தில் அதே ஓட்டைப் பலகைக்குப் பின்னால் ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) வையுங்கள், அல்லது மரச்சீவலும் சிமெண்டும் சேர்த்த பலகை போடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபோம் மட்டும் வேண்டவே வேண்டாம். எரிந்தால் அதன் விஷப்புகை நிமிஷத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே மேடையில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டி, போனில் பதிவு செய்து வையுங்கள். ஒலி வினாடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிறது, 30 மீட்டர் தள்ளி இருக்கிற பின்சுவரில் பட்டுத் திரும்ப ஆறில் ஒரு பங்கு வினாடி, அது தனி எதிரொலியாகவே காதில் விழும். அதனால் உறிஞ்சுகிற பொருளை முதலில் பின்சுவரில் போடுங்கள், பக்கச் சுவர்கள் அப்புறம்.

தூக்கி எறியக்கூடாத சின்ன விஷயங்கள்

ஆபரேட்டர் ரூமின் சுவர் தடிமனாகவும், புரொஜக்டர் துவாரத்துக்கு இரும்பு ஷட்டரோடும் இருக்கும். 1950-கள் வரை புழங்கின நைட்ரேட் பிலிம் பற்றினால் தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது, அதனால்தான் சூட்டில் உருகுகிற இணைப்பு வைத்து ஷட்டர் தானாக விழும்படி செய்தார்கள். அந்த ஷட்டரைத் துரு எடுத்து எண்ணெய் போட்டு அப்படியே வையுங்கள். டிக்கெட் கொடுக்கிற கை மட்டும் நுழைகிற வளைவுத் துவாரம், வரிசைக்கான இரும்புக் குழாய்த் தடுப்பு, தரை டிக்கெட்டில் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரித்த குட்டைச் சுவர், கதவில் எனாமல் எழுத்து, இதையெல்லாம் ஆட்கள் முதல் நாளே பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் பெரிதாக "வைக்கவும்" என்று எழுதிவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுங்கள். காவித் தரையை உடைக்காதீர்கள். கழுவிக் காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் தேங்காய் நாரால் நாலு நாள் தேய்த்தால் சிவப்பு மேலே வரும்.

மின்சாரத்தில் பழையதைக் காப்பாற்ற எதுவுமில்லை. துணி சுற்றின ஒயர் ஒரு அடிகூட மிஞ்சக்கூடாது. பழைய பீங்கான் பியூஸ், சுவிட்சு எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும்.

கடைசியாக முகப்பு

நம்ம ஊர்த் தியேட்டர் முகப்பில் படிப்படியாக உயருகிற கைப்பிடிச் சுவர், நடுவில் செங்குத்தான பட்டைகள், ஜன்னலுக்கு மேல் வளைந்து போகிற சன்ஷேடு, சுதை எழுத்தில் பெயர், அந்தக் காலத்து ஆர்ட் டெகோ பாணி இது. மேலே ஃபிளெக்ஸ் மாட்ட அடித்த ஆணி, கம்பி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே மழை படாத ஒரு மறைவிடத்தில், பிளேடும் உப்புத்தாளும் வைத்து, ஒரு அங்குல அகலத்துக்கு ஒவ்வொரு பெயிண்ட் அடுக்காகப் படிக்கட்டு மாதிரி சுரண்டிக்கொண்டே போங்கள். நான் சுரண்டின இடத்தில் மேலே ஊதா, அடுத்து ரோஸ், அடுத்து ஒரு மங்கலான பச்சை, அப்புறம் காவி, எல்லாவற்றுக்கும் அடியில் நீலம் கலந்த சுண்ணாம்பு வெள்ளை. உரிமையாளரின் அம்மா வந்து பார்த்துவிட்டு அந்தப் பச்சையில் விரல் வைத்து, "எங்க கல்யாணத்தப்போ இந்தக் கலர்தான் இருந்துச்சு" என்றார்.

எந்தக் காலத்து நிறத்துக்குப் போவது என்பது உங்கள் முடிவு. எதுவானாலும் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சிமெண்ட் செய்கிற அதே கெடுதலை அதுவும் செய்யும். கஞ்சியோ வஜ்ரப் பசையோ கலந்த சுண்ணாம்பைத் தண்ணியாக மூன்று நாலு தடவை அடியுங்கள். முதல் நாள் அடித்ததும் சுவர் தெரிகிறதே என்று பயந்து கெட்டியாகக் கலக்கச் சொல்லாதீர்கள், மறுநாள் காலையில் காய்ந்து வெளுத்திருக்கும்.

திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை. மைக் இல்லாமல் பாடுகிற ஒருவரை அழைத்து மேடையில் நிற்க வையுங்கள். நாங்கள் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியாரைக் கூப்பிட்டோம். நான் தரை டிக்கெட்டின் கடைசி மூலையில் போய் நின்றுகொண்டேன். அவர் ஆர்மோனியத்தில் சுதி பிடித்துவிட்டுப் பாடாமல் மேலே பார்த்தார், அப்புறம் ஃபேனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் மூலை வரைக்கும் வந்தது. ஃபேனைப் போட்டதும் பாதிச் சொல் காணாமல் போனது. புதிதாக மாட்டியிருந்த அந்த வேகமான ஃபேன்கள் பதினாறையும் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றுகிற பெரிய இறக்கை ஃபேன்களை மாட்டினோம், கூரைக்கடியில் அடைத்துப் போட்டிருந்த வெண்டிலேட்டர்களையும் திறந்துவிட்டோம். அடுத்த வாரம் அவர் மறுபடி வந்து, ஃபேன் ஓட ஓடவே பாடினார்.